மூன்றில் ஒரு பங்கு புல்லட்

சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, தன் கிளாசிக் பைக்கை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கி, மாதிரியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 900க்கும் மேற்பட்ட பாகங்கள், அரை லட்சத்தைத் தாண்டும் விலை. வேலைப்பாட்டில் குறையில்லை. ஆனால் தேர்ந்த கைகள் பூட்டி முடித்த பொருளாகவே அது கைக்கு வருகிறது. வாங்கியவருக்கு மிஞ்சுவது தூசி தட்டும் வேலைதான். அதையே பாகங்களாகப் பெட்டியில் போட்டுத் தந்திருந்தால் நல்ல பாடநூலாகியிருக்கும் என்பது என் கட்சி.

குறிப்பேட்டைப் பார்த்து நட்டு முடுக்குவதில் என்ன அறிவு வளரும் என்று கேட்கலாம். சென்னையின் வாகனத் தொழிலே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இருந்த மூல ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது, புல்லட் பாகங்களாகத்தான் கப்பலேறி வந்தது, சென்னையில் பூட்டினார்கள். 1957இல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகள் வந்தன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. எந்தப் பாகம் எதைத் தாங்குகிறது, எங்கே இடைவெளி விட வேண்டும் என்பதெல்லாம் பூட்டிப் பார்த்த கைக்குத்தான் முதலில் பிடிபடும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சிறிய மாதிரி பெரிய இயந்திரத்தைப் போல நடந்துகொள்ளாது. உண்மைதான். பழைய புல்லட் எஞ்சின் 346 சிசி. சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ. நீளத்தை மூன்றால் வகுத்தால் பரப்பு ஒன்பதில் ஒரு பங்காகும், கொள்ளளவோ 27இல் ஒரு பங்காகச் சுருங்கி 13 சிசிக்கும் கீழே போய்விடும். அதாவது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிசி வாயுவுக்கும் வெப்பத்தைக் களவாடும் சுவர் மூன்று மடங்கு. ஆனால் இந்த முரண்பாடுதான் பாடத்தின் சாரமே. 1763இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நியூகாமன் நீராவி எஞ்சின் மாதிரி ஜேம்ஸ் வாட்டிடம் பழுதுபார்க்க வந்தது. சில முறை ஏறி இறங்கிவிட்டு நின்றுவிடும். நீராவியைக் குளிரவைக்க சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் தெளித்ததால், சுவரை மறுபடி சூடாக்குவதிலேயே அடுத்த நீராவியில் பெரும்பகுதி கரைந்தது. பெரிய எஞ்சினிலும் அதே விரயம் இருந்தது. சுரங்க வாசலில் கொட்டிக் கிடந்த நிலக்கரி அதை மறைத்தது. மாதிரி காட்டிக்கொடுத்தது. 1765இல் தனிக் குளிர்கலன் என்ற யோசனை வாட்டுக்கு உதித்தது, 1769இல் காப்புரிமை.

கணினித் திரையில் முப்பரிமாணப் படம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள் சிலர். இரண்டு பாகங்கள் மோதினால் மென்பொருள் சொல்லிவிடும். ஸ்பேனரைத் திருப்ப இடம் போதவில்லை என்பதை விரல்தான் சொல்லும்.

ஆகவே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பழைய 346 சிசி எஞ்சினின் சிறிய மாதிரியை, பிரித்துப் பூட்டக்கூடிய கிட்டாக, சுற்றுவட்டார ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் கொடுங்கள். பளபளப்பு வேண்டாம், பிளாஸ்டிக்கே போதும். கிராங்கைச் சுற்றும்போது வால்வு உரிய நேரத்தில் திறந்தால் சரி.