இல்லாத நோய்க்கு எதற்கு இத்தனை ஆட்கள்?

2016 செப்டெம்பர் 5-ஆம் திகதி உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. ஆனாலும் மலேரியாத் தடை இயக்கத்தை யாரும் மூடவில்லை. பூச்சியியல் உத்தியோகத்தர்கள் கிணற்றடியிலும் ஆற்றோரத்திலும் நீரை அள்ளிக் குடம்பிகளை எண்ணுகிறார்கள். ஆய்வுகூடங்களில் ஒருவர் நாள் முழுதும் இரத்தத் தகடுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இல்லை’ என்று எழுதுகிறார். செலவுக் கணக்குப் பார்க்கிறவருக்கு இது வீண் சம்பளமாகத்தான் தெரியும். அப்படித் தெரிந்ததால் ஒருமுறை இந்த நாடு பட்ட பாடு சின்னதல்ல.

அதற்கு முன் நுளம்பைப் பற்றிக் கொஞ்சம். கூட்டுப்புழுவிலிருந்து புதிதாக வெளிவரும் அனொபிலிஸ் நுளம்பிடம் மலேரியாக் கிருமி கிடையாது. கிருமியுள்ள ஒரு மனிதரை அது கடிக்க வேண்டும். உள்ளே போன கிருமி வளர்ந்து நுளம்பின் உமிழ்நீருக்கு வந்துசேர, நம் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்களாவது ஆகும். பிறகு அது கடிக்கும் இன்னொருவருக்குக் காய்ச்சல் வர ஏறக்குறைய இரண்டு கிழமை. ஆக, ஒரு நோயாளியிலிருந்து அடுத்த நோயாளி உருவாகச் சுமார் ஒரு மாதம் எடுக்கும். நுளம்புக்கு ஆயுள் சில கிழமைகள்தான். எனவே மனிதர்களின் இரத்தத்தில் கிருமி இல்லாமற் செய்துவிட்டால், நாடு நிறைய அனொபிலிஸ் பறந்தாலும் மலேரியா வராது. இலங்கையின் இன்றைய நிலை இதுதான். நுளம்பு போகவில்லை, கிருமிதான் போயிருக்கிறது.

கிருமியும் நுளம்பும் ஒன்றுசேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1934-35 சாட்சி. அந்த ஆண்டு மழை பொய்த்தது. மலேரியா அதிகம் அறியாத ஈரவலயத்தில், எப்போதும் பெருகி ஓடும் ஆறுகள் வற்றித் தெளிந்த குட்டைகளாகத் தேங்கின. அனொபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்ற நுளம்புக்கு வேண்டியது அதுவேதான்: வெயில் படும், அசையாத, தெளிந்த நீர். அங்கிருந்த மக்களின் உடலுக்கோ இந்த நோயின் பழக்கமே இல்லை. சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள்.

நாற்பதுகளின் நடுவில் டி.டி.டி. வந்தது. வீட்டுச் சுவர்களில் அதை அடித்தார்கள். இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் இளைப்பாறும் நுளம்பு அங்கேயே செத்தது. 1963-இல் முழு நாட்டிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். வேலை முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மருந்தடிப்பு நின்றது, பணமும் ஆட்களும் வேறு பக்கம் போனார்கள். இதற்கிடையில் எலஹெரப் பக்கம் இரத்தினக்கல் தோண்டப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் குவிந்தார்கள். அவர்கள் விட்டுப்போன குழிகளில் நீர் தேங்கியது. ஊர் திரும்பியவர்கள் கிருமியையும் கூடவே கொண்டுபோனார்கள். 1969-இல் நோயாளிகள் 5 இலட்சத்தைத் தாண்டினார்கள். மறுபடி டி.டி.டி.யை எடுத்தபோது நுளம்பு அதற்குப் பழகிப்போயிருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் மலத்தியோனுக்கு மாற வேண்டியதாயிற்று. பதினேழைப் பூச்சியமாக்காமல் விட்டதற்கு இந்த நாடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வட்டி கட்டியது என்பேன்.

இரண்டாவது வெற்றி வந்தது போர்க்காலத்தில் என்பது வியப்புத்தான். மலேரியா அதிகம் இருந்த மாவட்டங்களிற் பல வடக்கிலும் கிழக்கிலும் இருந்தன. பாதைகள் மூடின, மக்கள் இடம்பெயர்ந்தபடி இருந்தார்கள். அப்படியிருந்தும் மருந்து தோய்த்த வலைகளும் நடமாடும் பரிசோதனைக் குழுக்களும் இரு தரப்புப் பகுதிகளுக்கும் போயின. இன்றும் இதைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. 1999-இல் இரண்டரை இலட்சத்துக்கு மேல் இருந்த நோயாளிகள் ஆண்டுக்காண்டு குறைந்து, 2012 ஒக்டோபரில் உள்ளூர் நோயாளிகளில் கடைசி ஆள் பதிவானார்.

இந்த முறை ஆட்களைக் கலைக்கவில்லை. அவர்கள் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு எளிமையானது, ஆனால் கெட்டிக்காரத்தனமானது. மலேரியாவுக்கான மாத்திரைகள் இங்கு சாதாரண மருந்துக்கடையில் கிடைப்பதில்லை. இயக்கத்தின் மூலம்தான், அதுவும் இலவசமாக, கிடைக்கும். எனவே தனியார் வைத்தியசாலையில் ஒருவருக்கு மலேரியா என்று தெரிந்தாலும், மருந்து கேட்டு இயக்கத்தைத்தான் அழைத்தாக வேண்டும். அந்த அழைப்பே நோய் பற்றிய அறிவித்தலும் ஆகிவிடுகிறது. உடனே குழுவொன்று நோயாளியின் வீட்டுக்குப் போகும். எங்கே போய்வந்தார், கூட யார் யார் போனார்கள் என்று விசாரிக்கும். அக்கம்பக்கத்தாரின் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்த நுளம்பு இருக்கிறதென்று தேடும். எல்லாம் அந்த ஒரு மாத இடைவெளி முடியுமுன் நடந்தாக வேண்டும். கிருமி வைவக்ஸ் வகையாக இருந்தால் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்துவிட்டு மறுபடி எழும்பும். அதற்கென்று பிரிமாகுயின் மாத்திரையைத் தனியாகக் கொடுத்து, நோயாளியை நெடுநாள் கண்காணிப்பார்கள்.

2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில் இது சோதனைக்கு வந்தது. இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்த கிருமி, நுளம்பு வழியே உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியது. குழுக்கள் இறங்கின, அது அந்த ஒருவரோடு நின்றது. 1969-ஐயும் இதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சம்பளம் எதற்கென்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஆனால் நுளம்பும் சும்மா இருக்கவில்லை. 2016 முடியும் தறுவாயில், நாடு சான்றிதழ் பெற்றுச் சில மாதங்களுக்குள்ளேயே, மன்னாரில் அனொபிலிஸ் ஸ்டெபன்சி கண்டுபிடிக்கப்பட்டது. இது ஆற்றுக் குட்டையைத் தேடும் இனமல்ல. கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும், நகரத்திலேயே வாழ்ந்துகொள்ளும். பிறகு யாழ்ப்பாணத்திலும் அது தென்பட்டது. வீட்டுக்கு வீடு கிணறுள்ள குடாநாட்டில் இது எத்தனை பெரிய தலையிடி என்று சொல்லத் தேவையில்லை. குடம்பி தின்னும் மீன்களைக் கிணறுகளில் விடுகிறார்கள், பாவிக்காத கிணறுகளை மூடச் சொல்கிறார்கள்.

மாவட்டத்துச் சுகாதார அதிகாரிகளின் நெருக்கடியையும் சொல்ல வேண்டும். 2017-இல் மட்டும் 180,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. கண்ணெதிரே வைத்தியசாலைக் கட்டில்கள் நிறைந்து கிடக்கும்போது, ஆண்டுக்கு ஐம்பது பேரளவில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் ஒரு நோய்க்கு வாகனமும் ஆளும் ஒதுக்க மனம் வராதுதான். இளம் வைத்தியர்களிற் பலர் ஒரு மலேரியா நோயாளியைக்கூடப் பார்க்காமலே படித்து முடித்தவர்கள். காய்ச்சல் என்றதும் அவர்கள் நினைவுக்கு முதலில் வருவது டெங்கு.

ஆகவே அவர்களுக்கு நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போகுமுன் மலேரியாத் தடை இயக்கத்திடம் கேட்டு, தேவையான தடுப்பு மாத்திரைகளை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்; மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கும்படி கேளுங்கள்.