ஜெனாவின் கோடும் டொரண்டோவின் ஆயிரம் நியூரான்களும்

ஹான்ஸ் பெர்கர் தேடிப் போனது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. இளமையில் படைப்பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்தவர், பீரங்கி வண்டிச் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து தந்தி: நலமா? ஊரிலிருந்த சகோதரிக்கு அவரைப் பற்றி ஏதோ மனசு சரியில்லையாம். தன் பயத்தை மனமே அவளிடம் கொண்டு சேர்த்தது என்று நம்பி, மனதின் ஆற்றலை அளந்தே தீருவது என்று மருத்துவம் படிக்க வந்தார் பெர்கர்.

ஜெர்மனியின் ஜெனா நகரில் 1924-இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிந்தார். உச்சந்தலைத் தோலுக்கடியில் ஊசி. பிறகு வெள்ளித் தகடு. தலையில் கிடைப்பது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் அதில் சில பத்துக் கூறுகள்தான். போட்டோ தாளில் ஒளி வரைந்த கோட்டுக்குக் கீழே, நேரம் காட்ட நொடிக்குப் பத்து முறை நெளியும் இன்னொரு கோடு. மகன் கிளவுஸை உட்காரவைத்துப் பல முறை பதிந்தார். பையன் கண்ணை மூடினால் அலை எழும், திறந்தால் அடங்கும். ஐந்து வருடம் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்து, 1929-இல்தான் வெளியிட்டார். 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மேத்யூஸ் என்ற ஆய்வாளர்கள் அதையே செய்து காட்டிய பிறகே மற்றவர்கள் நம்பினார்கள்.

மனநல மருத்துவரான பெர்கரே மனச்சோர்வில் சிக்கி 1941-இல் தன் உயிரை முடித்துக்கொண்டார். அவர் தந்த இந்த மின்னலைப் பதிவு, அதாவது இ.இ.ஜி., வலிப்பு நோய்க்குப் பெருந்துணையானது. மனச்சோர்வுக்கு மட்டும் அது வாய் திறக்கவில்லை. கண்ணை மூடினால் எழும் அந்த அலைக்கு ஆல்ஃபா என்று பெயர்; நெற்றியின் இடப்பக்க ஆல்ஃபா அலைக்கும் வலப்பக்க ஆல்ஃபா அலைக்கும் உள்ள வித்தியாசத்தில் நோய் தெரியும் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். ஆய்வுகள் பெருகப் பெருக அந்த நம்பிக்கை தேய்ந்தது. கோடு கையில் இருந்தது. அதை எழுதும் நரம்பணுக்களுக்குள் என்ன கெட்டுப்போனது என்பதைக் கோடு சொல்லவில்லை.

இன்று டொரண்டோவில் ஏட்டே ஹே என்பவரின் ஆய்வுக் குழுவினர் அதே வழியில் எதிர்த்திசையிலிருந்து வருகிறார்கள். முதலில் கோளாறு, பிறகு அலை. மூளையில் மற்ற நரம்பணுக்களை அடக்கிவைக்கும் ஒரு வகை உண்டு. சொமடோஸ்டாடின் என்ற பொருளைச் சுரப்பவை. வகுப்பில் சத்தம் கூடும்போது பெஞ்சைத் தட்டும் வாத்தியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வோடு இறந்தவர்களின் மூளைத் திசுவில் சொமடோஸ்டாடினுக்கான மரபணுவின் செயல்பாடு குறைந்திருந்ததை ஆய்வாளர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். அறுவையின்போது எடுத்த மனிதத் திசுவில் அளந்த குணங்களைக்கொண்டு, கணினியில் ஆயிரம் நரம்பணுக்களை இணைத்து ஒரு சுற்றை அமைத்தார்கள். அதில் அந்த வாத்தியாரின் பிடியை 40 சதவீதம் தளர்த்தினார்கள். சும்மா இருக்கும்போதே இரைச்சல் கூடியது. வெளியிலிருந்து வந்த தூண்டல் அதில் அமுங்கிப்போனது. ஒரே நினைப்பில் உழன்றுகொண்டு, எதிரில் இருப்பவர் பேசுவது காதில் ஏறாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இந்த முடிவு 2022-இல் வந்தது.

2023-இல் அடுத்த கட்டம்: அதே சுற்றின் மின்சாரம் மண்டையோட்டைத் தாண்டி வந்தால் இ.இ.ஜி.யில் எப்படித் தெரியும் என்று கணக்கிட்டார்கள். தீட்டா, ஆல்ஃபா, தாழ்ந்த பீட்டா என்ற அலை வகைகள் வலுத்தன. பெர்கர் தாளிலிருந்து உள்ளே எட்டிப்பார்க்க முயன்றார். இவர்கள் உள்ளேயிருந்து தாளுக்கு வந்திருக்கிறார்கள்.

எனக்கு இதில் தயக்கமும் உண்டு. ஆயிரம் நரம்பணு என்பது மூளையில் ஒரு பொட்டுகூட இல்லை. ஒரே அலை வேறு காரணத்தாலும் வலுக்கலாம். நம் ஊரில் ‘டிப்ரஷன்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ துயரங்களை அடைக்கிறோம்; அத்தனைக்கும் ஒரே நரம்பணுக் கோளாறுதான் காரணம் என்று யார் சொன்னது?

மருத்துவர் அறையில் இன்னும் கேள்விகள்தான். மனச்சோர்வை அளக்க 1960-இல் மாக்ஸ் ஹாமில்டன் வகுத்த 17 அம்ச அளவுகோல் புதிய மருந்துகளின் சோதனைகளில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, வேலையில் மனம் ஒட்டுகிறதா என்று கேட்டுக் கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள்.