மாலை போட்டாச்சு, பிரேக் பார்த்தாச்சா?

திண்டுக்கல்லில் யார் பழைய கார் வாங்கினாலும் முதலில் கோட்டை மாரியம்மன் கோவில், அடுத்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சிறுமலை. பூஜையை நான் தடுக்கவில்லை. சிறுமலையைத்தான் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறேன். பழனி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறேன். அம்பாசடரும் பத்மினியும்தான் என் பிழைப்பு.

வண்டி வாங்கியவர் வந்ததும் கேட்பது, "இன்ஜின் எப்படிண்ணே இருக்கு?" இன்ஜின் கெட்டால் வண்டி நிற்கும், பிரேக் கெட்டால் நிற்காது. அதனால் நாலு சக்கரத்தையும் கழற்றி, ட்ரம்மைத் திறந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன். ஷெட்டில் வருடக்கணக்காக நின்ற வண்டியில் வீல் சிலிண்டர் துருவேறி இறுகியிருக்கும், இல்லையென்றால் வாஷர் கசிந்து லைனிங் நனைந்திருக்கும். அந்தக் கால வண்டிகளில் பெரும்பாலும் ஒற்றை லைன்தான். ஓரிடத்தில் ஒழுகினால் மொத்த பிரேக்கும் போச்சு. கசிவே இல்லாவிட்டாலும் பழைய பிரேக் ஆயிலை மாற்றியாக வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் சாமான். சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள்; இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் ட்ரம் காயும், ஈரம் ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.

அடுத்த எதிரி தண்ணீர். நம்மூர் போர் தண்ணீர் காய்ச்சுகிற பானையிலேயே வெள்ளையாகப் படிகிறது, ரேடியேட்டரை விடுமா? உப்பு அடைத்த ரேடியேட்டரோடு சித்திரை வெயிலில் மதுரை வரை போனால் ஹெட் கேஸ்கெட் பறக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட்டோடு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள்.

இப்போது பங்கில் பிடிக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அந்தக் கால ரப்பருக்கு அது ஆகாது; ஹோஸ் வெடிக்கும், பம்ப் டயாஃப்ரம் ஊறிப்போகும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸ் கேட்டு வாங்கிப் போடுங்கள், செலவு சின்னதுதான்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்; 1214 என்றால் 2014இன் பன்னிரண்டாவது வாரம் செய்தது. அந்த வயசு டயரோடு நாலுவழிச் சாலையில் ஏறக் கூடாது.

கழற்றிய பாகத்தைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அம்பாசடர் உற்பத்தி 2014லேயே நின்றுவிட்டது. லேத்தில் புதிதாகக் கடைய அளவெடுக்கப் பழையது வேண்டும்.

கடைசியாக ஆர்.சி. சேஸிஸ் எண்ணை வண்டியிலேயே தேய்த்துப் பார்த்து ஒப்பிடுங்கள். 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிக்கு 2021இல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' பதிவு வாங்கலாம். ஆனால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் அது செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. தினம் கடைக்கு எடுத்துப்போக ஆசைப்படுகிறவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.