அணை நிரம்பியும் கோந்த்வாவுக்கு ஏன் டேங்கர் வருது?

புனேயின் கோந்த்வாவிலோ, பக்கத்து உண்ட்ரி, பிசோளியிலோ குடியிருக்கிறீர்களா? அப்படியென்றால் கோடையில் உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் டேங்கர் பில் பற்றிய பேச்சு ஓயாது. அணைகள் நிரம்பிய வருடத்திலும் இதே கதைதான். ஏன்?

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

முக்கியமாக கடக்வாஸ்லா, பான்ஷெட், வரஸ்காவ், தேம்கர் என்ற 4 அணைகளிலிருந்து. எல்லாம் நிரம்பினால் சுமார் 29 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி, அதாவது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர்.

அது யாருடைய தண்ணீர்?

அணைகள் மாநில நீர்வளத் துறையின் கையில். புனே மாநகராட்சி அங்கே ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான். 2013 ஒப்பந்தப்படி மாநகராட்சிக்கு வருடத்துக்கு 11.5 டிஎம்சி என்று இருந்தது. எடுப்பதோ 18-க்கும் மேல். இதே அணைகளின் கால்வாயை நம்பித்தான் தௌண்ட், இந்தாபூர் விவசாயிகளும் இருக்கிறார்கள். நகரம் கூடுதலாக எடுத்தால் அவர்கள் வயலுக்குக் குறையும்.

சரி, கோந்த்வா பக்கம் ஏன் இவ்வளவு சிக்கல்?

2017-ல் உண்ட்ரி உள்பட 11 கிராமங்களும், 2021-ல் பிசோளி உள்பட 23 கிராமங்களும் மாநகராட்சியோடு சேர்ந்தன. எல்லை ஒரே அரசாணையில் நகர்ந்துவிட்டது, குழாய் அப்படி நகராதே! கோந்த்வா முன்பே மாநகராட்சிக்குள் இருந்த பகுதி. இப்போது அதே பங்கில் புதிய ஊர்களுக்கும் கொடுத்தாக வேண்டும். அந்த ஊர்களில் பல கட்டடங்களுக்கு அனுமதி தந்தது ஒரு அமைப்பு, குழாய் போட வேண்டியது மாநகராட்சி, தண்ணீர் திறப்பது நீர்வளத் துறை.

கலந்து பேசாவிட்டால் என்ன ஆகும்?

பவனா அணையிலிருந்து பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்குக் குழாய் போடும் திட்டத்தை எதிர்த்து 2011 ஆகஸ்ட் 9-ல் மாவலில் விவசாயிகள் போராடினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 3 பேர் இறந்தார்கள். திட்டம் பல வருடம் முடங்கியது.

வேறு வழி இருக்கா?

நம்ம ஊர் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தெரியும்தானே? ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குடிநீர் வாரியம் எடுத்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நகராட்சிகள், பேரூராட்சிகள், கிராமங்களுக்குப் பகிர்கிறது. ஆதாரம் ஒன்று, கணக்கும் ஒரே இடத்தில்.

புனேயில் இதற்கு நெருக்கமான முயற்சி முண்ட்வா திட்டம். மாநகராட்சி சுத்திகரித்த கழிவுநீரை வருடத்துக்கு 6.5 டிஎம்சி வரை கால்வாயில் விட வேண்டும், அந்த அளவுக்கு அணைத் தண்ணீர் நகரத்துக்கு மிச்சமாகும் என்பதுதான் கணக்கு. ஆனால் வரும் தண்ணீர் சுத்தமாக இல்லை என்பது விவசாயிகளின் புகார். அதைச் சரிசெய்யாமல் நகரம் கூடுதல் பங்கு கேட்டால் அவர்கள் எப்படிச் சம்மதிப்பார்கள்?

நீங்கள் என்ன செய்யலாம்?

ஃபிளாட் வாங்கும் முன் மாநகராட்சி இணைப்பு இருக்கிறதா, இல்லை 'பில்டரே தண்ணீர் தருவார்' என்ற உறுதிமொழி மட்டும்தானா என்று எழுத்தில் கேளுங்கள். வார்டு கூட்டத்துக்குப் போனால், குழாய் எப்போது வரும் என்பதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பகுதிக் கழிவுநீர் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்றும் கேளுங்கள்.