டிரெய்லரைப் பின்னுக்கு எடுப்பது எப்படி?

அறுவடைக் காலம் வந்துவிட்டால் டிராக்டருக்கு ஓய்வே கிடையாது. களத்துமேட்டிலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகிறோம். திரும்பி வந்து வைக்கோல் ஏற்றுகிறோம். முன்னால் இழுத்துக்கொண்டு போவதில் யாருக்கும் சிரமம் இல்லை. பின்னுக்கு எடுக்கும்போதுதான் வம்பு வருகிறது. அதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில், எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரு டிராக்டர் வயலிலேயே பழுதாகி நின்றுவிட்டது. அதைப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொரு டிராக்டரின் பின்னால் இரும்புப் பார் போட்டு மாட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். வாய்க்கால் கரையில் எதிரே கரும்பு வண்டி வந்துவிட்டது. "கொஞ்சம் பின்னாலே எடுப்பா, வழி விட்டுடுவோம்" என்றார் ஒருவர். ஓட்டியவரும் ரிவர்ஸ் போட்டார். பின்னால் இருந்த டிராக்டரின் முன்சக்கரங்கள் சட்டென்று ஒரு பக்கமாக முழுக்கத் திரும்பிக்கொண்டன. பார் கோணிக்கொண்டது. அதை நேராக்கலாம் என்று பங்காளி ஒருவர் கை வைத்தார். இரண்டு விரல் போய்விட்டது. அப்படி மாட்டியதைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது என்பது அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

ஏன் தள்ளக் கூடாது? வீட்டில் ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டை மட்டும் பிடித்து முன்னால் தள்ளினால் ஹேண்டில் பாட்டுக்கு நேராகப் போகும். அதே சீட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் ஹேண்டில் மடங்கித் திரும்பிக்கொள்ளும். ஸ்டியரிங்கில் ஆள் பிடிக்காத டிராக்டரின் முன்சக்கரமும் இப்படித்தான். முன்னால் இழுத்தால் பின்னோடு வரும். பின்னால் தள்ளினால், அரை விரற்கடை கோணல் ஒரு முழக் கோணல் ஆகிவிடும். 35 குதிரைத் திறன் டிராக்டர் ஏறக்குறைய 2 டன் எடை. அந்த எடை பக்கவாட்டில் முட்டினால் பார் வளையும், முன் அச்சு கெடும், ஆளும் நசுங்குவார்.

ஆகவே பழுதான டிராக்டரை இழுத்துப் போகும்போது, குறுகலான வழியில் நுழையுமுன் சைக்கிளில் ஒருவரை முன்னால் அனுப்பிப் பாருங்கள். எதிரே வண்டி வந்துவிட்டால் அந்த வண்டிக்காரரைப் பின்வாங்கச் சொல்லிக் கேளுங்கள். வேறு வழியே இல்லையென்றால் பாரைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். கழற்றுமுன் இரண்டுக்கும் சக்கரத்தடியில் கல் வைத்து, எஞ்சினை நிறுத்தி, பிரேக் போட்டிருக்க வேண்டும்.

நான்கு சக்கர டிரெய்லரும் இதே ஜாதிதான். அதன் முன் அச்சு மூக்கோடு சேர்ந்து திரும்பும். கொக்கியில் ஒரு மடிப்பு, அச்சில் ஒரு மடிப்பு, ஆக இரண்டு இடத்தில் மடங்கும். அதைப் பின்னுக்கு எடுப்பது தேர்ந்த கைக்கே கஷ்டம். சுற்றிவர இடம் இருந்தால் சுற்றியே வாருங்கள்.

இரண்டு சக்கர டிரெய்லர் அப்படியல்ல. பழகினால் யாரும் பின்னுக்கு எடுக்கலாம். மாடு பூட்டாத கட்டைவண்டியை நுகத்தடியைப் பிடித்துப் பின்னால் தள்ளியிருப்பீர்கள். நுகத்தடியை வலப்பக்கம் நகர்த்தினால் வண்டியின் வால் இடப்பக்கம் போகும். டிரெய்லரும் அதே கணக்குத்தான். ஸ்டியரிங்கில் உங்கள் வயிற்றுப் பக்கம் இருக்கிற விளிம்பில் ஒரு கையை வையுங்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். மனக்கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை ஐந்து.

ஒன்று, முதலில் முன்னால் ஓட்டி, டிராக்டரையும் டிரெய்லரையும் ஒரே கோட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு, இடது வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள். ஒரு பக்கப் பிரேக் உழவுக்குத்தான்.

மூன்று, கீழ்க் கியரில் மெதுவாக வாருங்கள். டிரெய்லர் திரும்ப ஆரம்பித்ததும் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் கொண்டுவந்து அதன் பின்னோடு போங்கள். நீளம் குறைந்த டிரெய்லர் சீக்கிரம் திரும்பும், அதற்குக் கை சிறிதாக அசைந்தால் போதும்.

நான்கு, டிரெய்லர் மூக்கு பின் டயரை நெருங்கினால் அதற்குமேல் தள்ளாதீர்கள். டயர் கிழியும், மூக்கும் வளையும். நிறுத்தி, முன்னால் இழுத்து நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஐந்து, இதுதான் முக்கியம். 60 கிலோ மூட்டை 50 ஏற்றினால் பாரமே 3 டன். அது ஆளைப் பார்த்து நிற்காது. வழி காட்டுபவர் பக்கவாட்டில், ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அவர் கண்ணில் படாவிட்டால் உடனே நிறுத்துங்கள். களத்தில் பிள்ளைகள் வைக்கோல் மறைவில் விளையாடிக்கொண்டிருக்கும். இறங்கி ஒரு சுற்று பார்த்துவிட்டு ஏறுங்கள். வண்டி அசையும்போது கொக்கிப் பக்கம் யாரும் கை கொடுக்கக் கூடாது.

பாரம் ஏற்றிய இரண்டு சக்கர டிரெய்லரைக் கழற்றும்போதும் எச்சரிக்கை வேண்டும். முன்பாரமாக இருந்தால் மூக்கு தரையில் விழும், பின்பாரமாக இருந்தால் மேலே தூக்கி அடிக்கும். மூக்குக்கும் வாலுக்கும் முட்டுக் கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே கொக்கியாணியை உருவுங்கள்.

அறுவடைக்கு முன்னால் காலி டிரெய்லரை வெறும் களத்தில் விட்டு, இரண்டு கல் நட்டு, அவற்றுக்கு நடுவே பின்னுக்கு எடுத்துப் பழகுங்கள். வீட்டில் வண்டி எடுக்கும் தம்பிமார்களையும் பழக்குங்கள். டயர் போனால் வாங்கிக்கொள்ளலாம், விரல் போனால் வராது.