கடுகு இல்லாத திரிகடுகம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டிலும் ஜூ டவுனிலும் உள்ள பழைய பண்டகசாலைகளில் மூட்டை தூக்குவோருக்கும், அங்கே கணக்கு எழுதுவோருக்கும் சுக்கும் மிளகும் புதியவை அல்ல. கொச்சிச் சுக்கு என்ற பெயரே உலகச் சந்தையில் தனி மதிப்புடையது. இந்த இரண்டோடு திப்பிலியும் சேர்ந்துவிட்டால், மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: திரிகடுகம்.

பெயரைக் கேட்டதும் பலருக்கு அஞ்சறைப்பெட்டிக் கடுகு நினைவுக்கு வரும். அது தவறு. 'திரி' என்பது மூன்றைக் குறிக்கும் வடசொல். 'கடுகம்' என்றால் காரமுள்ளது. மூன்று காரச் சரக்குகள் என்பதே பொருள். சித்த வைத்தியத்தில் இதையே 'முக்கடுகு' என்றும் சொல்வர். வைத்தியர் சீட்டில் அப்படி எழுதியிருக்கக் கடுகை வாங்கி வந்தால், மருந்து மருந்தாக இராது.

'திரி' செய்யும் வேலையைத் தமிழில் 'மு', 'மூ' ஆகியவை செய்கின்றன. முக்கனி, முத்தமிழ், மூவேந்தர் எல்லாம் அப்படிப் பிறந்தவையே. ஏதோ மூன்று பொருள்களை அடுக்கிவைத்தால் இத்தகைய பெயர் அமைந்துவிடாது. அவற்றுக்குள் ஓர் உறவு இருக்க வேண்டும். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் கூடித் திரிபலா ஆனதும் அவ்வாறே.

இந்த மருந்துப் பெயரையே தம் நூலுக்கு வைத்தார் நல்லாதனார். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான 'திரிகடுகம்', பாட்டுக்கு மூன்று செய்திகளாக 100 பாடல்களில் அறம் உரைக்கிறது. மூன்று சரக்கும் உடல்நோயைத் தீர்ப்பதுபோல், மூன்று செய்தியும் மனநோயைத் தீர்க்கும் என்பது கருத்து. ஐந்து வேர்களின் பெயரால் சிறுபஞ்சமூலமும், ஏலம் முதலான ஆறு சரக்குகளின் பெயரால் ஏலாதியும் இதன் உடன்பிறப்புகள்.

திப்பிலியின் வடமொழிப் பெயர் 'பிப்பலி'. அதுவே கிரேக்கம், லத்தீன் வழியே போய் ஆங்கிலத்தில் மிளகைக் குறிக்கும் 'பெப்பர்' ஆயிற்று. சரக்கு மாறியது, பெயர் மட்டும் கடல் கடந்தது.

பெயர் இடம் மாறும் சங்கடம் இங்கே கடைவீதியிலும் உண்டு. சுக்கு மலையாளத்திலும் சுக்குதான். திப்பிலி 'திப்பலி' ஆகும். ஆனால், 'முளகு' என்று கேட்டால் மிளகாய் வந்துவிடும்! மிளகு வேண்டுவோர் 'குருமுளகு' என்று கேட்க வேண்டும். புதிதாக ஊருக்கு வந்த தமிழர் இந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டால், கஷாயத்தில் மிளகாய் விழாது.