ஒரே வானம், இரு வகை விமானங்கள்

சாலையில் மாட்டு வண்டியும் செல்கிறது, பேருந்தும் செல்கிறது. அவை ஒன்றோடொன்று மோதாமலிருக்க, யார் எப்பக்கம் ஒதுங்க வேண்டும், யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்ற விதிகள் உள்ளன. ஆகாயத்திலும் அவ்வாறே விதிகள் தேவைப்படுகின்றன. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானங்களும், தரையில் நிற்பவர் வானொலி அலைகளால் இயக்கும் சிறிய மாதிரி விமானங்களும் இன்று ஒரே வானத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. விசிறிகளின் வலிமையால் நேரே மேலெழும் ட்ரோன் என்னும் கருவியும் இந்தச் சிறிய வகையைச் சேர்ந்ததே.

ஆனால் சாலைக்கும் வானத்திற்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. சாலையில் வண்டி ஓட்டும் இருவரும் தத்தம் வண்டியிலேயே அமர்ந்திருக்கின்றனர். ஆபத்து இருவருக்கும் பொது. வானத்திலோ மாதிரி விமானத்தை இயக்குபவர் தரையில் பத்திரமாக நிற்கிறார். மோதல் நேர்ந்தால் அவருக்கு நஷ்டம் பொருளளவில். மேலே இருப்பவருக்கு உயிரளவில். இந்த ஏற்றத்தாழ்வே இத்துறையின் விதிகள் அனைத்திற்கும் அடிப்படையாகும். அமெரிக்க நாட்டில் இவ்விதிகள் வளர்ந்த வரலாறு, ஒரு சங்கத்தின் சுயகட்டுப்பாடு எவ்வளவு தூரம் பயன்படும், எவ்விடத்தில் அரசாங்கத்தின் கை தேவைப்படும் என்பதை விளக்குவதால், நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளத்தக்கது.

மோதினால் நேர்வது யாது?

மோதலின் வலிமை எடையையும் வேகத்தையும் பொறுத்தது. எடை இரு மடங்கானால் வலிமையும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் வலிமை நான்கு மடங்காகும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சிறு விமானம் ஒரு விநாடியில் ஏறத்தாழ 70 மீட்டர் கடக்கிறது. எதிரே ட்ரோன் அசையாமல் மிதந்துகொண்டிருந்தாலும், மோதலுக்கு வேண்டிய வேகத்தை விமானமே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

பறவைகளும் விமானங்களில் மோதுகின்றனவே என்று சிலர் கேட்கலாம். பறவையின் உடல் மென்மையானது. மோதியவுடன் சிதறிப் பரவும். ட்ரோனிலோ மின்கலம், மோட்டார், காமிரா ஆகிய கடினமான பாகங்கள் உள்ளன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு ஒன்று 2017-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கை, அதே எடையுள்ள பறவையைவிட ட்ரோன் விமானத்திற்கு அதிகச் சேதம் விளைவிக்கும் என்று தெரிவித்தது.

விமானியே பார்த்து விலகிக்கொள்ளலாகாதா? எதிர்வரும் பொருளைக் கண்டு, இன்னதென்று உணர்ந்து, மோதல் நேருமெனத் தெளிந்து, விமானத்தைத் திருப்பி முடிக்க ஏறத்தாழ 12.5 விநாடிகள் வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறையின் அறிவுரைக் குறிப்பு கணக்கிட்டுள்ளது. மேற்கூறிய வேகத்தில் இந்த நேரத்திற்குள் விமானம் 875 மீட்டர் சென்றுவிடும். 35 சென்டிமீட்டர் அகலமுள்ள ட்ரோன் அத்தொலைவில், எட்டடிக்கு அப்பால் வைத்த சிறு கடுகைப்போலத் தோன்றும். ஆகையால் விமானியிடம் விலகும்படி எதிர்பார்ப்பது பயனற்றது. கீழே நிற்பவருக்கோ விமானத்தின் இரைச்சல் முன்கூட்டியே கேட்கும். தம் கருவியை உடனே தாழ இறக்கவும் முடியும். எனவே, ஆள் ஏறிய விமானத்திற்கு மாதிரி விமானமே எப்போதும் வழிவிட வேண்டும் என்பது முதல் விதியாயிற்று.

சங்கம் வகுத்த ஒழுங்கு

அமெரிக்காவில் மாதிரி விமானப் பிரியர்கள் 1936-ஆம் ஆண்டில் அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் என்னும் தேசிய சங்கத்தை நிறுவினர். ஊர்தோறும் கிளைக் கழகங்கள் தோன்றின. அவை தமக்கெனத் திடல்களை அமைத்துக்கொண்டன. பாதுகாப்பு விதிகளையும் வகுத்துக்கொண்டன. பழைய வானொலிக் கருவிகளில் இருவர் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால் விமானம் கட்டுப்பாடிழந்து விழுந்துவிடும். அதைத் தடுக்கக் கழகங்கள் திடலில் ஒரு பலகை வைத்து, அலைவரிசைக்கு ஒன்றாக எண் பொறித்த கவ்விகளை மாட்டியிருந்தன. கவ்வி தம் வசம் உள்ளவரே அந்த அலைவரிசையில் கருவியை இயக்கலாம். காவலரோ அபராதமோ இன்றி, ஒருவர் பொருளை மற்றவர் காக்கும் ஒழுங்கு இவ்வாறு நிலைபெற்றது.

1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நாட்டு மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஓர் அறிவுரைச் சுற்றறிக்கையை வெளியிட்டது. தரைக்கு மேல் 400 அடிக்கு மிகாமல் பறக்கவிடுக. விமான நிலையத்திற்கு மூன்று மைலுக்குள் பறக்கவிடுவதாயின் அந்நிலையத்திற்குத் தெரிவிக்க. பெரிய விமானங்களுக்கு வழிவிடுக. உதவிக்கு ஒரு பார்வையாளரை நிறுத்திக்கொள்க. மாதிரி விமானம் பறக்கத் தகுதியானதென்று சோதித்து அறியும் முன் வேடிக்கை பார்ப்போர் அருகில் அதனைப் பறக்கவிடாதீர் என்பவை அதன் சாரம்.

400 அடி என்னும் அளவிற்குக் காரணம் உண்டு. ஊர்ப்புறங்களில் விமானங்கள் பொதுவாக 500 அடிக்குக் கீழே பறத்தலாகாது என்பது அந்நாட்டு விதி. ஆகவே இரு வகைகளுக்கும் இடையே 100 அடி இடைவெளி கிடைக்கிறது. வயலில் வரப்பு விடுவதைப் போன்றது இது. ஆயினும் இவ்வரப்பு எங்கும் முழுமையாக இல்லை. இறங்கும் விமானமும் ஏறும் விமானமும் அதைக் கடந்தே ஆக வேண்டும். நோயாளியை ஏற்றச் செல்லும் ஹெலிகாப்டர், பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானம், தீயணைக்கும் விமானம் ஆகியவை 500 அடிக்குக் கீழேயே தம் பணியைச் செய்கின்றன. ஆதலின் உயர வரம்பைக் கடைப்பிடித்தால் மட்டும் போதாது. கண்ணும் காதும் விழிப்பாயிருத்தல் இன்றியமையாதது.

சங்கத்திற்கு வெளியே நின்றவர்கள்

இச்சுற்றறிக்கைக்குத் தண்டனை ஏதும் இல்லை. எனினும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அது பெரும்பாலும் போதுமானதாயிருந்தது. மாதிரி விமானம் செய்பவர் மெல்லிய பால்சா மரச் சட்டங்களை ஒட்டிப் பல வாரங்கள் உழைப்பார். பறக்கவிடக் கற்க ஆசான் ஒருவர் வேண்டும். அவர் கழகத் திடலில்தான் கிடைப்பார். தொழிலைக் கற்கும்போதே ஒழுங்கையும் கற்றனர்.

2010-ஆம் ஆண்டையொட்டி நிலைமை மாறியது. செயற்கைக் கோள்களின் உதவியால் தானே நிலைத்து நிற்கும் ட்ரோன்கள் கடைக்கு வந்தன. வாங்கிய அன்றே எவரும் அவற்றை உயரே அனுப்பலாம். காமிராவின் வழியே கண்ணுக்கெட்டாத தொலைவிலும் செலுத்தலாம். ஆசானும் வேண்டியதில்லை, கழகமும் வேண்டியதில்லை. முன்பு வாயிற்காவலாக இருந்த திறமைத் தேவை நீங்கியது. விதி அறியாதவர்கள் வானத்தில் பெருகினர்.

2012-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தேசிய அளவிலான சங்கத்தின் பாதுகாப்பு நெறிகளின்படி பறக்கும் மாதிரி விமானங்கள் மீது நிர்வாகம் புதிய விதி இயற்றலாகாது என்று காப்பளித்தது. ஆனால் 2015 டிசம்பரில், 0.55 பவுண்டுக்கு, அதாவது 250 கிராமுக்கு, மேற்பட்டவற்றை இயக்குவோர் பதிவு செய்துகொள்ள வேண்டுமென நிர்வாகம் கட்டளையிட்டது. பொழுதுபோக்காளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2012-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இது முரண் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அமெரிக்கப் பாராளுமன்றம் வேறொரு சட்டத்தின் வாயிலாகப் பதிவு முறையை மீட்டது.

2018 அக்டோபரில் இயற்றப்பட்ட சட்டம் பழைய காப்பை நீக்கிப் புதிய நிபந்தனைகளை வைத்தது. கருவி எப்போதும் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும். விமான நிலையத்தைச் சூழ்ந்த கட்டுப்பாட்டு வான்வெளியில் முன்அனுமதி வேண்டும். கட்டுப்பாடற்ற வான்வெளியில் உயரம் 400 அடிக்கு மிகலாகாது. இயக்குபவர் பாதுகாப்பு அறிவுத் தேர்வில் தேற வேண்டும். சங்கத்தின் நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என்ற விதி இதிலும் நீடித்தது. இதன் பின்னர், பதிவுக்கு உட்பட்ட கருவிகள் பறக்கும்போதே தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வானொலியால் அறிவிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. 2024 மார்ச் 16 வரை நடவடிக்கையில் சலுகை காட்டிய பிறகு, அது முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது.

பல்லாண்டு ஒழுங்காகப் பறந்தவர்கள், பிறர் செய்த தவற்றுக்குத் தாம் செலவும் சிரமமும் ஏற்பதா என்று குறைப்பட்டனர். அது நியாயமான குறையே. அதற்கு ஒரு சமாதானமும் காணப்பட்டது. கழகங்கள் விண்ணப்பித்துத் தம் திடலுக்கு அங்கீகாரம் பெறலாம். அத்திடலின் எல்லைக்குள் அடையாளக் கருவி இல்லாத பழைய மாதிரி விமானங்களையும் பறக்கவிடலாம்.

இரு மோதல்கள்

விதிகள் கடுமையானதன் காரணத்தை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டும். 2017 செப்டம்பர் 21 அன்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவின் அருகே, இராணுவ ஹெலிகாப்டர் ஒன்றுடன் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடப்பட்ட ட்ரோன் மோதியது. உயரம் சுமார் 300 அடி. அப்போது ஐக்கிய நாடுகள் சபைக் கூட்டத்தை முன்னிட்டு அவ்வான்வெளியில் தற்காலிகக் கட்டுப்பாடு இருந்தது. இயக்கியவர் இரண்டு மைலுக்கும் அப்பால் நின்றார். மோதல் நேர்ந்ததையும் அவர் அறியவில்லை. ஹெலிகாப்டரின் சுழலிறகு சேதமுற்றது. நல்வினையாக அது பத்திரமாகத் தரையிறங்கியது.

2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பெருந்தீ பரவியிருந்தபோது, கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து உதவிக்கு வந்திருந்த நீர்த்தெளிப்பு விமானத்தில் ஒரு ட்ரோன் மோதியது. இடது இறக்கையில் மூன்று அங்குலத்திற்கு ஆறு அங்குலம் அளவில் ஓட்டை விழுந்தது. வீடுகள் எரிந்துகொண்டிருந்த வேளையில் அவ்விமானம் பழுது பார்க்க நிறுத்தப்பட்டது. ட்ரோனின் எடை 250 கிராமுக்கும் குறைவு. எடை வரம்பு பதிவுக்குத்தான் விலக்களிக்கிறது, ஆபத்துக்கு விலக்களிப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் எவருக்கும் தீய எண்ணம் இருந்ததில்லை. கருவியைக் கண்பார்வைக்கு அப்பால் அனுப்பியதும், வான்வெளிக் கட்டுப்பாட்டை மீறியதுமே இரண்டுக்கும் பொதுவான பிழைகள்.

நம் நாட்டில்

நம் நாட்டில் 2021 ஆகஸ்ட் 25 அன்று ட்ரோன் விதிகள் வெளியிடப்பட்டன. அவை வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரித்தன. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர், வரை அனுமதியின்றிப் பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை இவ்வுயரம் 200 அடியாகக் குறைகிறது. 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே அனுமதி தேவை. பொழுதுபோக்கு, கல்வி, ஆராய்ச்சி ஆகியவற்றிற்குக் கண்பார்வைக்குள் பறக்கும், 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானங்களை இவ்விதிகள் தனி வகையாக ஏற்று, கருவியின் வகைச் சான்றிதழிலிருந்து விலக்களித்தன.

பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் நம் கிராமங்களுக்கும் வந்துள்ளன. அவை பயிருக்குச் சில அடி மேலேயே பறப்பவை. ஆயினும் அதே வானத்தில் பறப்பவையே. அவற்றை வாங்கும் சங்கங்களும் வாடகைக்கு அமர்த்தும் விவசாயிகளும் நான்கு காரியங்களைத் தவறாது செய்தல் நலம். முதலாவது, தம் நிலம் எந்நிறப் பகுதியில் உள்ளதென்று அரசாங்க வரைபடத்தில் அன்றன்று பார்த்தல். இரண்டாவது, கருவிக்குரிய பதிவு எண்ணும் ஓட்டுபவருக்குரிய சான்றிதழும் உள்ளனவா என்று சரிபார்த்தல். மூன்றாவது, வானத்தைக் கவனிக்க வரப்பில் ஒருவரை நிறுத்துதல். நான்காவது, விமானத்தின் ஒலி கேட்டவுடன் வேலை பாதியில் நின்றாலும் கருவியைத் தரையிறக்குதல்.

உபவிதிகள் உள்ளே இருப்பவர்களைக் கட்டும். வெளியே இருப்பவர்களைக் கட்டா. அமெரிக்கச் சங்கத்தின் அனுபவம் கற்பிக்கும் பாடம் இதுவே. ஒழுங்கறிந்த ஒவ்வொரு சங்கமும் தன் ஊரில் புதிதாகக் கருவி வாங்கும் இளைஞரை அழைத்து, பறக்கவிடும் முன்பே விதிகளைக் கற்பிக்குமாயின், சட்டத்தின் கடுமை குறையும்; மேலே செல்லும் உயிர்களுக்கும் பாதுகாப்பு பெருகும்.